அத்தியாயம் 7: அரிக்காத படை

ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் மதியம் ஒரு மணிக்கு உங்கள் குடும்ப ஆரோக்கிய மையத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டி, சிரட்டைப் பாலை வாளியில் சேர்த்து, ஆசிட் விட்டு உறையவைத்து, ஷீட் அடித்துவிட்டு வந்திருக்கிறார். விரலிடுக்கில் அரிப்பு என்கிறார். மருத்துவர் விரலைப் பார்க்கிறார், களிம்பு எழுதுகிறார், அடுத்தவரைக் கூப்பிடுகிறார். வெளியே ஐம்பது பேர் காத்திருக்கையில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் சட்டையைக் கழற்றச் சொல்லியிருந்தால், தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் வெளிறிய படை ஒன்று தெரிந்திருக்கும். அது அரிக்கவில்லை, அதனால் அவர் அதைச் சொல்லவுமில்லை.

தோல்நோய்ப் பயிற்சியில் ஒரே ஒரு பாடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், நான் கற்பிப்பது இதைத்தான்: அரிக்கும் படை தானாக உங்களைத் தேடி வரும், அரிக்காத படையை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். தனுவச்சபுரம், பாறசாலை, அமரவிளை, களியக்காவிளை என்று எல்லையின் இருபுறமும் கிடக்கும் ஊர்களில் ஆஷா பணியாளர், பொதுச் சுகாதாரச் செவிலியர், சுகாதார ஆய்வாளர், இளம் மருத்துவர் ஆகியோருக்கு வகுப்பெடுக்கப் போகிறவர்களுக்காக இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. தோல் மருத்துவ நிபுணர் யாரும் இதைப் படிக்க வேண்டியதில்லை.

இருந்த கை, போன கை

அரிக்காத வெளிறிய படை தொழுநோயாக இருக்கலாம். இந்தப் பக்கத்துக்கு இது புதுப் பாடமல்ல. 1838-இல் லண்டன் மிஷன் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியது. 1860களில் அங்கிருந்த டாக்டர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு நடத்தினார். தென் திருவிதாங்கூரில் ஊர்ப் பிள்ளைகளுக்கு நவீன மருத்துவம் கற்றுக்கொடுத்த முன்னோடி வகுப்பு அது. பக்கத்தில் உடையார்விளையில் தொழுநோய் இல்லம் எழுந்தது. திருவனந்தபுரம் ஊளம்பாறையில் இருந்த தொழுநோயாளிகள் 1934-இல் நூறநாட்டுக்கு மாற்றப்பட்டார்கள். வடக்கே வேலூரில் பால் பிராண்ட், செயலிழந்த கைகளுக்குத் தசைநாண் மாற்றும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். கொல்லிமலையில் பிறந்தவர் அவர். 1955-இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் தொடங்கிய ஷிஃப்லின் மையமும், செங்கல்பட்டில் மத்திய அரசு நடத்திய தொழுநோய்ப் பயிற்சி நிலையமும் பல தலைமுறைத் துணைமருத்துவப் பணியாளர்களை உருவாக்கின. சைக்கிளில் போய், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்தே நரம்பு தடித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள் அவர்கள்.

அந்தக் கைகள் இப்போது ஓய்வூதியம் வாங்குகின்றன. 2000களின் தொடக்கத்தில் தனித் தொழுநோய்த் திட்டம் பொதுச் சுகாதாரத்தோடு இணைக்கப்பட்டது. 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒரு தொழுநோயாளிக்கும் குறைவு என்ற அளவை இந்தியா எட்டியது. இணைத்தது சரியான முடிவுதான். தொழுநோயாளிக்கென்று தனி வாசல் இருக்கக் கூடாது. ஆனால் வேலையைக் கைமாற்றிவிட்டவர்கள் திறமையைக் கைமாற்றவில்லை. உலகில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். கேரளத்தில் எண்ணிக்கை குறைவு. குறைவாக இருக்கும் இடத்தில்தான் பயிற்சி கடினம்: ஐந்து வருடத்தில் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காத செவிலியர் ஆறாவது வருடம் வருபவரை எப்படி அடையாளம் காண்பார்? வீடுவீடாகத் தேடும் 'அஸ்வமேதம்' இயக்கத்தைக் கேரளம் 2018-இல் தொடங்கியதும், பிறகு அங்கன்வாடி, பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 'பாலமித்ரா' வந்ததும் இதனால்தான். இயக்கம் வாசல்வரை கொண்டுபோய் விடும். வாசலில் நிற்பவரின் கண் பழகியிருக்கிறதா என்பது உங்கள் வகுப்பைப் பொறுத்தது.

முதல் மணி நேரம்: சொற்கள்

படக்காட்சியோடு தொடங்காதீர்கள். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்ததே தவிர நாக்கில் விழவில்லை. ஒரே வீட்டில் பாட்டி 'தேமல்' என்பாள், மருமகள் 'சுணங்கு' என்பாள், இருவரும் ஒன்றையே சொல்கிறார்கள். (சங்கப் பாடல்களில் சுணங்கு பெண்ணின் மேனியழகு. மலையாளத்தில் அது பூஞ்சை. புலவர்கள் மன்னிக்க.) படர்தாமரைக்கு மலையாளத்தில் 'புழுக்கடி', தமிழில் 'புழுவெட்டு' என்றாலோ வட்டமாக முடி கொட்டுவது. இந்த இரண்டும் குழம்பி, தலையில் சொட்டை விழுந்தவருக்குப் பூஞ்சை மருந்து போய்ச் சேர்வதுண்டு. யானைக்கால் மலையாளத்தில் 'மந்து'. வெண்புள்ளி 'பாண்டு'. கரப்பான் இரண்டிலும் கரப்பான்தான். ஆனால் ஊரில் பாதி நோய்களுக்கு அதுதான் பெயர்.

வந்திருப்பவர்களை இருவர் இருவராக உட்காரவைத்து, தங்கள் ஊரில் தோல்நோய்க்கு என்னென்ன பெயர் வழங்குகிறது என்று எழுதச் சொல்லுங்கள். நாற்பது சொல்லாவது சேரும். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் கேளுங்கள்: அரிக்குமா, செதில் உதிருமா, உணர்வு இருக்குமா, வீட்டில் இன்னொருவருக்கும் உண்டா? பாடநூலில் உள்ள நோய்ப்பெயரை அதற்கப்புறம் சொன்னால் போதும். 'குஷ்டம்' என்ற சொல்லை வகுப்பில் ஒருவர் உரக்கச் சொன்னதும் மற்றவர்கள் முகம் மாறுவதைக் கவனியுங்கள். வீட்டு வாசலில் அந்தச் சொல்லை எடுக்கவே கூடாது என்பதை விதியாகச் சொல்வதைவிட, அந்த நொடியைச் சுட்டிக்காட்டினாலே புரிந்துகொள்வார்கள். தமிழ் பேசும் வீட்டுக்கு மலையாளம் மட்டுமே அச்சடித்த துண்டறிக்கையோடு போவதும் இதே ரகத் தவறுதான்.

பஞ்சுத் திரி

இனி நூலின் முக்கியமான பக்கம். இதற்கு முழுக் காலையும் ஒதுக்குங்கள்.

இடம்: தாழ்வாரம் அல்லது சன்னலோரம். டியூப்லைட் வெளிச்சத்தில் வெளிறிய படை கண்ணுக்குத் தப்பும். சாய்வாக விழும் பகல் வெளிச்சத்தில் தெரியும். பெண்களுக்கு மறைப்பும், உடன் ஒரு பெண் பணியாளரும் வேண்டும். ஆண் என்றால் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக்கட்டி, சட்டையைக் கழற்றி நிற்க வேண்டும். முதலில் பின்பக்கம் பாருங்கள். நோயாளி தானாகக் காட்டுவது முன்பக்கம். அவருக்கே தெரியாதது பின்பக்கம்.

பஞ்சை முறுக்கித் திரியாக்குங்கள். நுனி நாலைந்து இழையாக நிற்க வேண்டும். நோயாளியின் கண் திறந்திருக்கும்போதே, நல்ல தோலில் தொட்டுக் காட்டி, "தொட்ட இடத்தை விரலால் காட்டுங்க" என்று சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை சரியாகக் காட்டிய பிறகு கண்ணை மூடச் சொல்லுங்கள். நல்ல தோலில் ஒன்று, படைக்குள் ஒன்று, மீண்டும் நல்ல தோலில் இரண்டு என்று தாளம் தவறித் தொடுங்கள். திரியைத் தேய்க்கக் கூடாது; செங்குத்தாக வைத்து, நுனி லேசாக வளைந்ததும் எடுத்துவிட வேண்டும். வகுப்பில் பத்துக்கு எட்டுப் பேர் செய்யும் பிழை, "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே தொடுவது. கேள்வி காதில் விழுந்ததும் நோயாளி 'ஆமா' என்கிறார். மரியாதைக்காகச் சொல்லும் ஆமா அது. வாயை மூடிக்கொண்டு தொடுங்கள். குண்டூசி வேண்டவே வேண்டாம்.

படைக்குள் தொட்டது தெரியவில்லை, அல்லது தள்ளி வேறிடத்தைக் காட்டுகிறார் என்றால் சந்தேகம் உறுதிப்படுகிறது. முகத்தில் உள்ள படைக்கு மட்டும் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். முகத்தில் நரம்பு வலை அடர்த்தி, உணர்வு எளிதில் போகாது. பிள்ளைகளின் கன்னத்தில் வரும் வெளிறிய திட்டு பெரும்பாலும் சாதாரண வறட்சி. ஆனாலும் பட்டியலில் எழுதிவைத்து மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். தேமலோ என்ற ஐயம் வந்தால் நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். மாவு போல் செதில் உதிர்ந்தால் தேமல்.

அடுத்து நரம்பு. முழங்கை எலும்புக்குப் பின்னுள்ள பள்ளத்தில் விரல்நுனிச் சதையை வைத்து மெல்ல உருட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொட்டு ஒப்பிட வேண்டும். கண் அவர் முகத்தில் இருக்கட்டும். வலித்தால் முகம் சொல்லிவிடும். முழங்காலுக்கு வெளிப்புறம் சற்றுக் கீழே இன்னொரு நரம்பு, கழுத்தின் பக்கவாட்டில் இன்னொன்று. மாணவர்கள் முதலில் ஒருவருக்கொருவர் தொட்டுப் பார்க்கட்டும். நல்ல நரம்பு நூறு தொட்டவருக்கே தடித்த நரம்பு தெரியும்.

படையே இல்லாத தொழுநோயும் உண்டு. காதுமடல் தடித்து, புருவத்தின் வெளிப்பக்க முடி உதிர்ந்து, முகம் எண்ணெய் தேய்த்தாற்போல் மினுங்கும். 'நல்லா சதை போட்டிருக்காரு' என்று ஊர் பாராட்டும். கிருமி மிகுதியாக இருப்பது இவரிடம்தான். காதுமடலில் சிறு கீறலிட்டு எடுக்கும் திசுநீரை நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமி தெரியும்.

மருந்து இலவசம். ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் மூன்றும் ஒரே அட்டையில் வரும். கிருமி குறைந்த வகைக்கு ஆறு மாதம், மிகுந்த வகைக்கு ஒரு வருடம். முன்பு குறைந்த வகைக்கு இரண்டே மருந்துதான். 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் அதற்கும் மூன்று. பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்க. குளோஃபசிமின் தோலைக் கறுக்கவைக்கும். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண் மருந்தை நிறுத்துவது இதனால்தான். முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிறுத்த மாட்டார்கள். மருந்து தொடங்கி ஒன்றிரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு உடல் முழுக்கத் தடிப்பு வந்தால் அது டாப்சோன் ஒவ்வாமையாக இருக்கலாம். அட்டையை நிறுத்தி அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். திடீரென்று படை சிவந்து வீங்கினாலோ, நரம்பு வலித்து விரல் மடங்கத் தொடங்கினாலோ அது வேறு, நோயின் எதிர்வினை. அப்போது அட்டையை நிறுத்தக் கூடாது. கூடவே பிரெட்னிசோலோன் தொடங்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று குழப்புவதால் போகும் விரல்கள் அநேகம்.

மலையடிவாரத்தில் ஆறாத புண்

தனுவச்சபுரத்திலிருந்து கிழக்கே போனால் அம்பூரி, அதற்கப்பால் நெய்யாறு, அகத்தியமலைக் காடு. அங்குள்ள காணிக்காரர் குடியிருப்புகளில் தோல் லீஷ்மேனியா இருப்பதை 2010-இலும் 2015-இலும் வெளியான ஆய்வுகள் காட்டின. மணற்கொசு கடித்த இடத்தில், முகத்திலோ கைகாலிலோ, சிறு பரு தோன்றும். பிறகு ஓரம் உயர்ந்து நடு குழிந்து புண்ணாகும். வலிக்காது. மாதக்கணக்கில் ஆறாது. வியப்பு என்னவென்றால், அதை உண்டாக்கும் கிருமி லீஷ்மேனியா டோனோவானி. பீகாரில் கருங்காய்ச்சலாக உயிர் குடிப்பதும் அதே இனம்தான். இலங்கையிலும் தோற்புண்ணுக்கு அதுவே காரணம்.

மலைக்குப் போய் வருபவருக்கு, தேனெடுப்பவருக்கு, அங்கிருந்து கீழே வேலைக்கு வரும் காணிப் பிள்ளைக்கு, ஒரு மாதம் தாண்டியும் ஆறாத வலியற்ற புண் இருந்தால் மூன்றாவது முறையும் ஆன்டிபயாடிக் எழுதாதீர்கள். புண்ணின் ஓரத்திலிருந்து திசு எடுத்து மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புங்கள். தொழுநோய்க் கட்டியும் தோல் காசநோயும் இதே போலிருக்கும் என்பதால் பார்வையை மட்டும் நம்பி முடிவு செய்யவும் கூடாது.

காலில் வரும் மருவைப் போன்ற வளர்ச்சிக்கும் இதே விதி. தோட்டத்தில் முள்ளோ சிம்போ குத்திய இடத்தில் பூஞ்சை புகுந்து வருடக்கணக்கில் வளரும். கால் வீங்கி, துளை விழுந்து, அதில் மணல்மணியாக ஏதாவது வந்தால் அது மைசெட்டோமா. 1842-இல் மதுரையில் ஜான் கில் என்ற மருத்துவர் விவரித்ததால் உலகம் முழுக்க அதற்கு 'மதுராக்கால்' என்றே பெயர். சூடானில் அதற்கென்று ஓர் ஆராய்ச்சி மையமே உருவானது. நம் மாணவர்களில் பலர் அந்தப் பெயரை அங்கிருந்துதான் கேள்விப்படுகிறார்கள்.

காய்ச்சல்காரரின் அக்குள்

2022 ஜூனில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உண்ணிக்காய்ச்சலால், மலையாளத்தில் செள்ளுப்பனியால், சில நாட்கள் இடைவெளியில் இருவர் இறந்தார்கள். ஒருவர் வர்க்கலையைச் சேர்ந்த மாணவி, மற்றவர் நம் பாறசாலைப் பகுதிப் பெண். தோல்நோய் வகுப்பில் காய்ச்சலுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். புல்லுண்ணியின் குஞ்சு கடித்த இடத்தில் சிகரெட் சுட்டாற்போல் கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது, அரிக்காது. அது இருக்குமிடம் அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி, இடுப்புநாடா அழுந்தும் இடம். யாரும் பார்க்காத இடங்களாகவே பார்த்துப் பிடிக்கிறது அந்தப் பூச்சி. பொருக்கைக் கண்டால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். டாக்சிசைக்ளின் மலிவு, அன்றே தொடங்கலாம். கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். எல்லோரிடமும் பொருக்கு இருக்காது என்பதையும் சொல்லிவையுங்கள்.

மருந்துக்கடைக் களிம்பு

அரிக்கும் படையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் தினமும் வருகிறதே. ஆனால் ஒரு தீமையைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சைமருந்து மூன்றையும் குழைத்து விற்கும் களிம்புகள் படர்தாமரையின் முகத்தையே மாற்றிவிட்டன. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், மூன்றாம் வாரம் வட்டத்துக்குள் வட்டமாகத் திரும்பும், இடுக்குத் தோல் மெலிந்து வரிவரியாகக் கிழியும். சாதாரண டெர்பினாஃபினுக்கு மசியாத ஒரு புதுப் பூஞ்சை இந்தியாவில் பரவி, 2020-இல் டிரைகோஃபைட்டான் இண்டோடினியே என்று நம் நாட்டின் பெயராலேயே அழைக்கப்பட்டது. பெருமைப்பட ஒன்றுமில்லை. ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் விதியே வந்தது. எனவே உங்கள் வகுப்புக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரரையும் அழையுங்கள். அவர் வராவிட்டால் மற்றவர்கள் கற்றதில் பாதி வீண்.

ஆய்வகத்தில் பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு குப்பி வாங்கிவையுங்கள். செதிலைச் சுரண்டி ஒரு சொட்டு விட்டுச் சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் பூஞ்சை இழை தெரியும். இதை ஒருமுறை தன் கண்ணால் பார்த்த இளம் மருத்துவர் பிறகு கண்ணை மூடிக்கொண்டு களிம்பு எழுதுவதில்லை. ஷீட் அடிப்பவரின் கையில் வருவது ஆசிட் பட்ட எரிச்சலா, சிரங்கா, பூஞ்சையா என்ற கேள்விக்கும் இது உதவும். சிரங்கு என்றால் இரவில் அரிப்பு கூடும், வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும். பெர்மெத்ரினைக் கழுத்திலிருந்து பாதம்வரை, வீட்டில் உள்ள எல்லோரும், ஒரே இரவில் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

யானைக்காலுக்குக் காசர்கோட்டிலுள்ள பயன்பாட்டுத் தோல்மருத்துவ நிறுவனம் நல்ல பாடம். டாக்டர் நரஹரியும் அவர் குழுவும் கால் கழுவுதல், விரலிடுக்கு ஈரம் துடைத்தல், ஆயுர்வேதத் தைலம், யோகாசனம், கட்டு ஆகியவற்றை ஒரே முறையாக்கினார்கள். வீங்கிய காலுக்குள் கிருமி புகும் வாசல் விரலிடுக்குப் புண்தான். வாளி, சோப்பு, துவாலை கொண்டு ஒரு காலைக் கழுவிக் காட்டுவது அரை மணி நேரப் பாடம். அதை ஆஷா பணியாளரே நடத்தட்டும்.

எத்தனை நாள், எப்படி மதிப்பிடுவது

மாலி நாட்டில் பொதுச் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒரே நாள் வகுப்பில் சிரங்கு, பூஞ்சை, சீழ்ப்புண் போன்ற சிலவற்றை மட்டும் கற்பித்தார்கள். மருந்துச் சீட்டுகள் சீரடைந்தன, நோயாளியின் செலவும் குறைந்தது. டான்சானியாவில் மோஷி நகரில் 1992 முதல் இதற்கென்றே நிரந்தரப் பயிற்சி மையம் இயங்குகிறது. முன்னணிப் பணியாளருக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கைந்நூல் 2018-இல் வந்தது. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தோல்நோய்களைப் பொதுச் சுகாதார முன்னுரிமை என்று தீர்மானமும் போட்டது. நமக்கு இரண்டு நாள் போதும், மூன்று மாதம் கழித்து அரை நாள். ஆஷா சந்தேகிக்கட்டும், செவிலியரும் ஆய்வாளரும் சோதிக்கட்டும், மருத்துவர் உறுதி செய்து மருந்து தொடங்கட்டும். ஒருவர் வேலையை இன்னொருவர் தலையில் கட்டினால் ஒன்றும் நடக்காது.

வகுப்பு முடிவில் தாளில் தேர்வு வைக்காதீர்கள். கண்ணைக் கட்டிய சக மாணவரிடம் பஞ்சுத் திரியால் பத்துமுறை தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து, சந்தேகம் என்று அனுப்பியவர்களில் எத்தனை பேருக்கு நோய் உறுதியானது என்று பாருங்கள். அனுப்பிய பத்துப் பேருக்கும் உறுதியானால் பாராட்டாதீர்கள்: அவர்கள் முற்றியதை மட்டும்தான் கண்டுபிடிக்கிறார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு ஒன்றுமில்லை என்று வந்தால்தான் கண் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

எல்லை தாண்டும் நோயாளிக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கப் பழக்குங்கள். பாறசாலையில் மருந்து தொடங்கியவர் வேலைக்காக மார்த்தாண்டத்துக்குக் குடிபோவார். அங்கிருந்தவர் இங்கே கல்யாணம் கட்டி வருவார். எந்த அட்டை, எத்தனையாவது மாதம், எந்த நரம்பு தடித்திருந்தது, இந்த மூன்றும் தமிழிலோ மலையாளத்திலோ இருந்தால் போதும்.

பஞ்சு, பந்துமுனைப் பேனா, ஒரு குப்பி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, மறைப்புக்கு ஒரு பழைய சேலை: வகுப்புக்குச் செலவு இவ்வளவுதான். தேதியை மட்டும் பார்த்து வையுங்கள். ஜூனிலும் அக்டோபர் கடைசியிலும் வேண்டாம். மழை மூடிய நாளில் தாழ்வாரத்து வெளிச்சம் போதாது.